முதல் வீச்சு யார் பிள்ளைக்கு

1

மேலப்பாளையத்துச் சொந்தங்களுக்கு ஸலாம். கடல் கடந்தவன் சுகமாக இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தலைமன்னாரில் நான் கப்பலிறங்கிய நாள் வரும்போதெல்லாம் நானும் உட்கார்ந்து ஏதாவது எழுதி உங்கள் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போன வருஷம் மருதமுனைத் தறிகளைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தி, இறக்காமத்தில் யானை வந்து வயலை மிதித்த கதை. இந்த வருஷம் அந்த நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மனைவி ராபியா என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் சுலைஹாவின் கன்னத்தில் காதடியிலிருந்து தாடை வரைக்கும் மஞ்சள் பூசிய காயம். எனக்கு முன்பல் ஒன்று இல்லை. சுகமா என்றா கேட்டீர்கள்?

எல்லாம் ஒரு பள்ளிக்கூடம் தேடப் போய் வந்த வினை.

சுலைஹா எங்கள் ஒரே பிள்ளை. சர்க்கார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. மேலே படிக்க வேண்டுமென்றால் தனியார் நடத்தும் பள்ளிக்கூடம்தான். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நான் பெண் கட்டிய இந்தக் கல்முனைக்குடியில் அநேகம் பெண் பிள்ளைகள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

நான் இங்கே வெறும் மாப்பிள்ளை. இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை போய் ஏறிக்கொள்கிறவன். பிள்ளைகள் தாயின் குடி, அதாவது தாய்வழி வம்சம்தான் கணக்கு. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். சுலைஹாவின் தாய்மாமன், என் மச்சான் உதுமான், கரைவலை முதலாளி. தோள் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து என் வீட்டு நாற்காலியில், மன்னிக்கவும், ராபியா வீட்டு நாற்காலியில், உட்கார்ந்து சொன்னார்:

"மச்சான், ஜனவரில பள்ளிக்கூடம் துறக்கிறத்துக்குள்ள எல்லாருக்கும் புடிச்ச ஒரு பள்ளியப் பாருங்க. இல்லாட்டி புள்ள ஊட்டோட இரிக்கட்டும். அவளும் வளந்துட்டு வாறாள்."

சுலைஹா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு என்னிடம் வந்து, "வாப்பா, நான் படிக்கோணும்" என்றாள். அழவில்லை. கடைக்குப் போகும்போது ஒரு சாமானை மறக்காமல் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

2

நான் நூல் வியாபாரி. ஒரு கட்டு நூல் வாங்கினாலும் நாலு இடத்தில் இழை பிரித்து, பல்லில் கடித்துப் பார்க்கிறவன். பெற்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்காமல் விடுவேனா? பஜாரில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று.

ஒருவராவது பாடத்தைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள்! "ஹாஜியார்ர பள்ளிக்கூடந்தான் காக்கா. அங்க அடிக்கிற அடில கழுதையும் ஓதும்" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். "ஸ்டேஷன் மாஸ்டர் அடிக்கிறல்ல. அவரு குத்துறவர்" என்றார் பக்கத்தில் இருந்தவர். எது நல்ல அடி, எது நின்று வலிக்கும், எது தழும்பு விடாது என்று அந்தக் கடையில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. மாடு வாங்கப் போனவன் கூட இவ்வளவு நுணுக்கமாகப் பேசமாட்டான்.

"அடிக்காத பள்ளிக்கூடம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். "அதுக்குப் பேரு சந்தை, காக்கா."

முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்து, தன் வீட்டு விறாந்தையில் எட்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்துகிறார். நான் போன நேரம் ஒரு பையன் கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டான். மனுஷன் சிலேட்டைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போட்டார். சட்டம் தனியாகக் கழன்று அவன் கழுத்தில் மாலையாக விழுந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. அவர் என்னைப் பார்த்து, "உட்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

மகளின் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். விறாந்தையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே வீச்சில் தலையைக் குனிந்து, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். அவர் சொறிந்து முடித்துக் கையை இறக்கியதும் நிமிர்ந்தார்கள். நான் செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

நம் ஊர் ஓதுகிற பள்ளி ஞாபகம் வந்தது. உங்களுக்கும் இல்லாமல் இருக்காது. காலில் மரக்கட்டையைப் பூட்டிவிட்டு வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்களே. உத்திரத்துக் கயிற்றில் என் இரண்டு கைகளையும் கட்டித் தொங்கவிட்டு, கீழே மிளகாய் வற்றல் புகைத்தார்களே. நாடார் கடை வரைக்கும் என் அலறல் கேட்டது என்று என் உம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பையன் ஓதுகிறான் என்று. தோள்பட்டை இன்றைக்கும் மாரிக்காலத்தில் வலிக்கிறது. சுலைஹா பிறந்து, ராபியாவின் பக்கத்தில் துணிச்சுருளாகக் கிடந்தபோது, இந்தப் பிள்ளையின் மேல் யார் கையும் விழ விடமாட்டேன் என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தேன். என் கையையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

3

அதனால்தான் கொன்வென்ட். வடக்கே, பஸ் ஏறிப் போக வேண்டும். கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள். சுலைஹாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமைச் சிஸ்டர் மன்னார்ப் பக்கத்து மனுஷி. வெள்ளை உடுப்பு, மெல்லிய குரல், ஆனால் கண் மட்டும் சுங்கச்சாவடிக்காரன் கண்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தி, "வீட்டில ஆர் உன்னை அடிக்கிறவை?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் அடிக்கிறல்ல சிஸ்டர்."

"வாப்பா?"

"வாப்பா கத்துவார். அடிக்கமாட்டார்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாங்கள் இங்க பிள்ளைகளை அடிக்கிறேல்லை. வீட்டில அடி வாங்கிற பிள்ளை இங்க வந்து மற்றப் பிள்ளைகளை அடிக்குது. பட்டு அறிஞ்சிட்டம். அதால அப்பிடியான வீட்டுப் பிள்ளையை நாங்கள் எடுக்கிறேல்லை."

எனக்கு நெஞ்சு இரண்டு விரற்கடை விரிந்தது. இந்த நாட்டில் என் வளர்ப்பை ஒருவர் மெச்சினார் என்றால் அது அன்றைக்குத்தான். குடிவரவுக் கந்தோரில் அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்கப் போனால் கிளாக்கர் என் தாள்களை எறிகிற எறியில் அவை தரையில்தான் விழும். குனிந்து பொறுக்குவேன். அங்கே குனிந்தவன் இங்கே கொஞ்சம் நிமிர்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்குக் கல்லெறி. நாடு மொழிக்காக அடித்துக்கொண்டிருந்த நேரம். யார் எறிந்தான், எவனுக்கு எறிந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. முன்கண்ணாடி உடைந்து சாரதியின் மடியில் கொட்டியது. சுலைஹாவை இருக்கைக்குக் கீழே தள்ளி அவள் மேலே நான் கவிழ்ந்து கிடந்தேன். அவள் என் வயிற்றுக்குக் கீழே இருந்துகொண்டு, "வாப்பா, அந்தச் சிஸ்டர் நல்லவங்க என்ன?" என்றாள்.

வீட்டில் சொன்னதும் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "வேதக்காரர்ர பள்ளியா? கல்லெறிக்குள்ளால போய் அங்க படிக்கோணுமா? யா அல்லாஹ்!" நான் மச்சானிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மாமியார் இன்னும் பலமாக அழ ஆரம்பித்தார். இங்கே பேசுவது என்றால் ஏசுவது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு 'கதைத்துவிட்டு' என்று வாயில் வருவதில்லை. அதேபோல 'ஓம்' என்றும் சொன்னதில்லை. ஆமாம் என்பேன். என் மகள் வாயைத் திறந்தால் ஓம்தான். "வாப்பாட தமிழ் கப்பல்ல வந்த தமிழ்" என்று அவள் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஒரு சொல்லையாவது நம் ஊர்ச் சொல்லாக வைத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம்.

4

மச்சான் முடிவு செய்துவிட்டார். ஹாஜியார் பள்ளிக்கூடம்தான். ஹாஜியார் தன் காசில் கட்டி, எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறார். பெண் பிள்ளைகளுக்கு மறைப்புக் கட்டித் தனி வகுப்பு. வீட்டுக்குப் பக்கம், நம் மார்க்கம். மச்சானின் மகன் ஜப்பார் அங்கேதான் படிக்கிறான். மறுக்க எனக்கு ஒரு காரணம்தான் இருந்தது: அங்கே சுவரில் தொங்கும் திருக்கை வால்.

திருக்கை மீனின் வாலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் நீளம் இருக்கும். உப்புப் போட்டுக் காயவைத்து எண்ணெய் தடவினால் கறுத்து, முறுகி, பக்கமெல்லாம் அரம் மாதிரி சொரசொரவென்று ஆகிவிடும். பிரம்பு தோலைத் தடிக்க வைக்கும். இது தோலைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

"பொம்புளப் புள்ளையளுக்கு அதால அடிக்கிறல்ல மச்சான். சும்மா தொங்குற" என்றார் உதுமான். "பழசு முறிஞ்சி போச்சி. நான் புதுசு ஒண்டு குடுக்கப்போறன். மாரிக்கு முன்ன பட்ட திருக்கை. நம்மட புள்ள சேருற அண்டைக்கே குடுக்கிற."

அந்த வழக்கம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் புது வால் வந்தால், கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் வீச்சு. வசதியுள்ளவன் வாலைக் கொடுத்துத் தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டான் என்று ஊர் சொல்லக்கூடாது அல்லவா? வாலைக் கொடுப்பது உதுமான். உதுமானின் பிள்ளை ஜப்பார். ஜப்பார் ஏற்கெனவே அடிவாங்கி அடிவாங்கி மத்தளம். அவன் பாடு, அவன் வாப்பா பாடு என்று நினைத்தேன். நம் ஊர்க் கணக்கில் நினைத்தேன்.

"சரி. ஆனா எம்புள்ள மேல ஒரு சுண்டு விரல் பட்டாலும் நான் மனுஷனா இருக்கமாட்டேன். சொல்லிட்டேன்" என்றேன்.

"ஓம், ஓம்" என்றார் மச்சான், கொட்டாவி விட்டுக்கொண்டு.

5

பள்ளிக்கூடம் திறந்த அன்று மழை விட்டிருந்தது. மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சுலைஹா புது முக்காடு போட்டு, புதுப் புத்தகப் பையோடு பெண்கள் பக்கம் நின்றாள். நான் வாசலில். மச்சான் பச்சைத் துணியில் சுற்றிய வாலை, ஹாஜியார் அமர்த்தியிருந்த ஹெட்மாஸ்டரிடம் நீட்டினார். ஹெட்மாஸ்டர் துணியை அவிழ்த்து, வாலைக் காற்றில் ஒருமுறை வீசிப் பார்த்தார். விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என் தோள்பட்டைக்குள் புகுந்தது.

"குடுத்தவங்கட புள்ள முன்னுக்கு வாங்க" என்றார்.

நான் ஜப்பாரைப் பார்த்தேன். அவன் அசையவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து சுலைஹா நடந்து வந்தாள்.

"அவ எதுக்கு? அவன கூப்பிடுங்க!" என்று வாசலிலிருந்து கத்தினேன்.

ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "ஜப்பார் அவன்ட உம்மாட குடி. உதுமான்ட குடில உள்ள புள்ள இவள்தானே. தங்கச்சிட மக. இதுகூடத் தெரியாமத்தான் இவ்வளவு காலம் இந்த ஊருல சோறு திண்ட நீங்க?"

மண்டபம் சிரித்தது. சுலைஹா வலது கையை நீட்டினாள். அவர் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி வாலைத் தலைக்கு மேலே தூக்கினார்.

பிறகு நான் ஓடியதாக நினைவில்லை. அங்கே இருந்தேன், அவ்வளவுதான். அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அடித்தேன். கரும்பலகை சரிந்தது. "கள்ளத்தோணி! எவன்டா உன்ன உள்ள உட்டது!" என்று அவர் கத்தினார். அந்தச் சொல்லைக் கந்தோரில் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குக் குனியவில்லை. அவர் கையிலிருந்த வாலைப் பிடுங்கி அவர் தோளில் ஒன்று வைத்தேன். சட்டை கிழிந்து சிவந்தது. இன்னொன்று. மூன்றாவதுக்காகக் கையைப் பின்னால் முழுசாக வீசினேன்.

பின்னால் சுலைஹா நின்றாள். என்னைப் பிடித்து இழுக்க வந்திருந்தாள்.

சத்தம் வித்தியாசமாக இருந்தது. திரும்பினேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் இடுக்கால் ரத்தம் இறங்கிப் புது முக்காட்டை நனைத்தது. அழவில்லை. என்னை யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்குள் மச்சானின் முஷ்டி என் வாயில் விழுந்தது. அதை நான் வரவேற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே விழுந்த பிறகும் மிதித்தார். மிதிக்கட்டும் என்று கிடந்தேன்.

6

வீட்டுக்குப் போனபோது ராபியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அது அடி இல்ல" என்றாள். "தூக்குற தூக்கு பெரிசா இரிக்கும். பொறகு உள்ளங்கைல மெதுவா வெச்சி எடுப்பாங்க. ஓதுற பள்ளில என்ட கையிலயும் வெச்சவங்க. எங்கட உம்மாட கையிலயும் வெச்சவங்க. என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"தெரியாட்டிக் கேக்கிற. கடைல போய்ப் படுங்க. இது என்ட ஊடு."

வீடு பெண்ணுக்கு என்று முதலில் எழுதினேனே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. நூல் கட்டுகளுக்கு நடுவில் படுத்தேன். கப்பலிறங்கிய நாள் அங்கேதான் கழிந்தது. அன்று வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பூனை படுத்திருந்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் கூடி, நான் ஹெட்மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டேன். சபையில் எல்லாருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். அவரும் கொடுத்தார், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஹாஜியார் பள்ளிக்கூடத்தில் சுலைஹாவுக்கு இனி இடமில்லை என்று ஆகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரும் செய்தி கேட்டுத் தன் பள்ளிக்கு அவளை எடுக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். சிலேட்டால் மண்டையை உடைக்கிற மனுஷனுக்கு என்னைக் கண்டு பயமாம்!

"புள்ள ஊட்டோட இரிக்கட்டும்" என்றார் மச்சான்.

அப்போதுதான் ராபியா அண்ணனை எதிர்த்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "உங்கட வாலாலயும் என்ட புருஷன்ட கையாலயும் என்ட மகட படிப்புப் போச்சி. ரெண்டு பேரும் இனிக் கதைக்கப்படாது காக்கா. வேதக்காரர்ர பள்ளியா இரிந்தாலும் அவள் போவாள்." என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

பஸ்ஸில் சுலைஹா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முக்காட்டின் ஓரத்தைக் கன்னத்தில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் சிஸ்டரின் கண்ணுக்கு முக்காடு எம்மாத்திரம்! கிட்ட அழைத்து, துணியை விலக்கினார். காயம் இன்னும் காயவில்லை.

"ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கல்ல சிஸ்டர்" என்றாள் என் மகள். "எங்கட மாமாட கரைவலைல திருக்கை பட்ட. கிட்டப் போய்ப் பார்த்தன். வாலால வீசிட்டு."

சிஸ்டர் அவளையே பார்த்தார். மன்னார்க் கடலோரத்தில் பிறந்த மனுஷி. "இந்த மாரிக் கடலிலயா கரைவலை போட்டவை?"

மாரியில் எவனும் கரைவலை போடமாட்டான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிஸ்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ. உண்மையோ?"

அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கூட யாரையும் பார்த்துப் பயந்த மாதிரி இல்லை.

"ஓம் சிஸ்டர்" என்றேன்.

இத்தனை வருஷமும் என் வாயிலிருந்து வராத சொல், இந்தப் பொய்க்கு வந்தது.

சிஸ்டர் அவள் முக்காட்டைச் சரிசெய்து விட்டு, "திங்கட்கிழமை கொண்டு வந்து விடுங்கோ" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். "வாப்பாவைக் காட்டிக் கொடுக்காம இருந்துட்டியே ராசாத்தி" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்காகச் சொல்லல்ல வாப்பா. அடிக்கிற ஊட்டுப் புள்ளைய அவங்க எடுக்கமாட்டாங்கதானே."

தூரத்தில் பஸ் வந்தது. நிறுத்துவதற்காகக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் அவள் சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.